பெகோனியாவில் இறங்கிய விபூதி

பேத்தி பிறந்த நாளிலிருந்து மணியம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் மூன்று தடவை சோப்பு, நகத்துக்கு பிரஷ், கடைசியில் வெந்நீர். ஆப்பரேஷன் பண்ணப் போகிற டாக்டர்கூட இவ்வளவு தேய்க்கமாட்டார் என்று அவர் மனைவி ராஜம்மா கேலி பண்ணினாள். மணியம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் கை நாள் பூரா எங்கெங்கே போய் வருகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

அது நோயாளிகளைத் தொடுகிற கை. நோயாளிகள் என்றால் செடிகள். குருபோங்கில் அவருடைய வரிசை வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் கறுப்பு வலை கட்டி ஒரு சின்ன நர்சரி வைத்திருந்தார். அங்கே வளர்த்த பூச்சாடிச் செடிகளைப் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை ஆபிஸ்களுக்கு வாடகைக்கு விடுவார். வாரம் இரண்டு நாள் பழைய லாரியில் போய், ஈரத்துணியால் இலை துடைத்து, செத்ததைத் தூக்கி, உயிருள்ளதை வைத்துவிட்டு வருவார்.

ஆபிஸ் மனிதர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அவர்களுக்கு வேலை இல்லாத நேரத்தில்தான் செடிக்குத் தாகம் எடுக்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. போகிறவர் ஒரு கிளாஸ், வருகிறவர் ஒரு கிளாஸ், மீந்த கோப்பி, ஆறிப்போன மைலோ எல்லாம் சாடிக்குள். பத்து நாளில் வேர் அழுகும், மண் செத்த எலி மாதிரி நாறும், இலை மஞ்சளாகித் தொங்கும். தொங்குவதைப் பார்த்துப் பாவப்பட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். ஒரு மேனேஜர் காலையும் மாலையும் இலைமேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார். கடைசியில் இலையெல்லாம் பழுப்புப் புள்ளி, புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம். இது புது ரகமா என்று ஆசையாகக் கேட்டார். சாகிற ரகம் என்று மணியம் பதில் சொன்னார்.

இந்த அறிவு பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினாலு வயதில் கந்தகப் பொடி அடிக்கிற கூட்டத்தில் சேர்ந்தார். ரப்பர் மரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுக் கொழுந்து விடுகிற பருவத்தில், கொழுந்துமேல் மாவு தூவினது போல வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தால் கொழுந்து சுருண்டு உதிர்ந்து மரம் மறுபடியும் மொட்டை. அதனால் பனி காய்வதற்குள் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் மஞ்சள் பொடியை மேலே ஊதுவார்கள். பாதி மரத்துக்குப் போகும், பாதி மணியத்தின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போகும். அந்த இருமல் இன்னும் அவரோடு குடித்தனம் நடத்துகிறது. இலையில் வெள்ளை தெரிந்தால் விரலால் தொட்டுப் பார்க்கிற பழக்கமும் அப்போது வந்ததுதான். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் பூஞ்சணம். வராவிட்டால் அது இலையின் சொந்த நிறம்.

இப்பேர்ப்பட்ட கைக்காரர்தான் ஒரு தப்புப் பண்ணினார்.

அவருடைய ஒரே மகள் வாணியைப் புக்கிட் ரம்பாயில் பவன் என்கிற நல்ல பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். பவனுக்கு அப்பா இல்லை. அம்மா உஷாராணி ஒரு கிளினிக்கில் இருபத்தாறு வருஷம் மருந்து எடுத்துக் கொடுத்தவர். ‘சாப்பாட்டுக்குப் பின்னால, மூணு வேளை, மருந்த முழுசா முடிக்கணும்’ என்று ஊருக்கே சொன்ன வாய். ரிட்டையர் ஆன பிறகு அந்த வாய்க்கு வேலை இல்லாமல் போனது. வீட்டில் கண்ணாடிக் கதவு போட்ட சாமி அறை ஒன்று கட்டினார். அதற்குள் படங்கள், காலை பஸ்ஸில் தொழிற்சாலைப் பெண்கள் நிற்கிற மாதிரி நெருக்கியடித்து நின்றன.

வாணிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தபோது மணியம் சம்பந்தி வீட்டுக்கு ஒரு பெகோனியாச் செடி கொண்டுபோய்க் கொடுத்தார். கருஞ்சிவப்பு இலை, பட்டுச் சேலை மாதிரி இருக்கும். ஜன்னலோரம் வையுங்கள், காற்றுப் படவேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். அழகான பொருளைச் சாமிக்குக் கொடுக்காமல் ஜன்னலுக்கா கொடுப்பது? உஷாராணி அதைச் சாமி அறைக்குள் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். உள்ளே விளக்கு, சாம்பிராணி, புழுக்கம். சாமிகள் கல்லும் காகிதமும் ஆனதால் தாங்கிக்கொண்டார்கள்.

வாணி தாய்வீட்டுக்கு வந்து, பெண் குழந்தை பிறந்தது. ஆறாம் நாள் குடும்ப வாட்ஸ்அப்பில் உஷாராணியிடமிருந்து ஒரு படம் வந்தது. கருஞ்சிவப்பு இலையெல்லாம் வெள்ளை வெளேரென்று பொடி. கூடவே குரல் செய்தி. பேத்தி பிறந்த நேரம், வீட்டில் விபூதி கொட்டுகிறதாம். சிவபெருமான் வில்வத்தையும் கொன்றையையும் விட்டுவிட்டு, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கிற பெகோனியாவைத் தேடிப் பிடித்து இறங்கினதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கைகூப்பின பொம்மைகள் நாற்பது வந்து விழுந்தன.

மணியம் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். வளைகாப்பு அன்று காலையில் அந்தச் செடியின் கீழ் இலையில் பொட்டளவுக்கு ஒரு வெள்ளை இருந்தது அவருக்கு நினைவு வந்தது. வேறு செடி எடுக்க நேரமில்லை. கட்டைவிரலால் துடைத்துவிட்டு, சாடிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு போய்விட்டார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தபோது உஷாராணி வீட்டு வாசலில் ஏழெட்டுக் கார் நின்றது. உஷாராணி உற்சாகத்தில் பத்து வயது குறைந்திருந்தார். கிளினிக்கிலிருந்து மிஞ்சின சின்னச் சின்ன மாத்திரைப் பைகளில் ஆளுக்கு ஒரு இலை போட்டு, காலையும் மாலையும் நெற்றியில், மூன்று நாளைக்கு என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றிலா என்று ஒருத்தர் பயபக்தியோடு கேட்டார். பக்கத்து வீட்டுப் பெரியநாயகி தனக்குக் கிடைத்த இலையைத் தன் ரோஜாச் சாடியில் குத்திவைக்கப் போவதாகச் சொன்னாள். சாமி அங்கேயும் பரவட்டுமாம்.

கூட்டம் குறைந்ததும் மணியம் இலையை ஒற்றை விரலால் தொட்டார். விரல் வெள்ளையானது. முகர்ந்தார். பழைய ரொட்டி வாடை. சாமி அறையில் வைத்தே மெதுவாகச் சொன்னார்.

“சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. இது சாமி இல்ல, பூஞ்சணம். காத்தில்லாத எடத்துல செடிக்கு வர்ற சீக்கு.”

உஷாராணி கோபப்படவில்லை. பாவம் என்பது போலப் பார்த்தார்.

“ஒங்க தொழில் அப்படி சம்பந்தி. கோயில் மணி அடிச்சாக்கூட மெக்கானிக் பேரிங் போச்சுன்னுதான் சொல்வான்.”

அதோடு விட்டிருந்தால் மணியமும் விட்டிருப்பார். ஊரார் நெற்றியில் பூஞ்சணம் பூசினால் அவருக்கென்ன? ஆனால் உஷாராணி செடியின் நடுவில் இருந்த மூன்று பெரிய இலைகளைக் காட்டினார். அதை மட்டும் யாரையும் தொட விடவில்லையாம்.

“முப்பதாம் நாளு தீட்டுக் கழிச்சுட்டு எம்பேத்தி இந்த வாசல் ஏறி வருதில்ல, மொதல்ல இந்த விபூதிய நெத்தியில வச்சு, நாக்குல ஒரு சிட்டிகை தடவணும். அதுக்குத்தான் இது.”

அந்த நாக்கு எவ்வளவு இருக்கும் என்று மணியத்துக்குத் தெரியும். நேற்றுத்தான் கொட்டாவி விட்டபோது பார்த்தார். ரோஜா இதழில் பாதி இருக்கும். தன் நெஞ்சுக்குள் ஐம்பது வருஷமாக இருக்கிற பொடியும் ஞாபகம் வந்தது.

லாரி வரைக்கும் கூட வந்த பவன் தலையைக் குனிந்துகொண்டே பேசினான். “விடுங்க லா மாமா. அப்பா போனப்புறம் அம்மா இப்பத்தான் நாலு பேரோட சிரிச்சுப் பேசுறாங்க.” அது வேறு மணியத்தைத் தைத்தது. சண்டை போட்டால் நாளைக்கு அந்த வீட்டில் வாழப்போகிறவள் வாணி. சண்டை போடாவிட்டால் பூஞ்சணத்தைத் தின்னப்போவது பிள்ளை.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் குளித்து, சலவைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனார். தான் பேசினது பிசகு என்று முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு ரொம்பக் கவலையாக, சாமி இறங்கி இத்தனை நாளாகியும் அபிஷேகம் நடக்கவில்லையே என்று இழுத்தார். உஷாராணியின் முகம் விழுந்துவிட்டது. இந்தப் பெரிய குறை இதுவரைக்கும் எப்படி யாருக்கும் தோன்றாமல் போனது?

மணியம் முறையைச் சொன்னார். ஒரு கப் பாலுக்கு ஒன்பது கப் தண்ணீர். ஏன் ஒன்பது என்று கேட்டதற்கு, நவகிரகம் என்று அவர் வாய் தானாகவே சொல்லிவிட்டது. குடத்தால் ஊற்றக்கூடாது, ஸ்ப்ரே போத்தலில் பூந்தூறலாக இலைக்கு மேலும் கீழும் விழவேண்டும். மூன்று நாளைக்கு ஒரு தடவை, காலை வெளிச்சத்தில், வாசல் போர்ச்சில் வைத்து. சூரிய நமஸ்காரம் சாமிக்கும் வேண்டுமல்லவா? கண்ணாடிக் கதவு பகலில் திறந்தே இருக்கவேண்டும், ஒரு காற்றாடியும் சுற்றவேண்டும். வாடின இலை நிர்மால்யம். அதைக் கொதிநீரில் முக்கின கத்தரியால் வெட்டி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடவேண்டும். இனிமேல் யாருக்கும் இலை கொடுக்கக்கூடாது. செடியைத் தொட்ட கையைக் கழுவாமல் வேறு செடியைத் தொட்டால் சக்தி கசிந்துவிடும்.

உஷாராணி ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பூஞ்சணத்துக்கான பால் வைத்தியத்தை அபிஷேகமாக்கிவிட்டதை மணியம் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்லிச் சிரித்தபோது ராஜம்மா சிரிக்கவில்லை. பொய்யில் நட்ட செடி எத்தனை நாளைக்கு நிற்கும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் பிள்ளைத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

உஷாராணியைப் போல ஒரு நோயாளியை எந்த டாக்டரும் பார்த்திருக்கமாட்டார். ஒரு வேளை தவறவில்லை, ஒரு சொட்டுக் கூடவில்லை. மருந்தை முழுசாக முடித்தார். பெண்கள் பாட்டுப் பாட, போர்ச்சில் காலை வெயிலில் பெகோனியாவுக்குப் பால் தூறல் விழுந்தது. ஆறு அபிஷேகத்தில் இலை பாலிஷ் போட்ட செருப்பு மாதிரி பளபளத்தது. நடுவில் புதுசாக இரண்டு கொழுந்துகூட வந்தது. மணியம் படத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

முப்பதாம் நாள் வந்தது. காலையில் குருபோங்கில் தீட்டுக் கழித்து, வாணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பவனோடு காரில் ஏறினாள். மணியமும் ராஜம்மாவும் லாரியில் சீர்த்தட்டோடு பின்னால் போனார்கள். சம்பந்தி வீட்டு வாசலில் இருபது பேர் இருந்தார்கள். உஷாராணி கையில் ஆரத்தித் தட்டோடு கேட்டுக்கு உள்பக்கம் நின்றார். ஆனால் கேட் திறக்கவில்லை.

விபூதி அடியோடு நின்றுவிட்டது என்று அவர் எல்லாரும் கேட்கச் சொன்னார். ஏன் நின்றது என்று மூன்று நாளாக யோசித்ததில் விடை கிடைத்துவிட்டதாம். பிறப்புப் பத்திரம் எடுக்கக் கல்யாண சர்ட்டிபிகேட் வேண்டுமென்று, இருபத்தோராம் நாள் வாணி பவனோடு வந்து போர்ச்சில் ஐந்து நிமிஷம் நின்றாளல்லவா? அன்றையிலிருந்துதான் இலை வெளுப்பது குறைந்ததாம்.

“நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா தீட்டோட வாசல் மிதிச்சா சாமி எப்படி நிக்கும்? இன்னொரு பதினாறு நாளு அங்கேயே இருந்துட்டு வரட்டும். அதுக்குள்ள ஐயரக் கேட்டுப் பரிகாரம் செஞ்சிடலாம்.”

மணி பதினொன்று. வாணி துண்டை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மறைத்தாள். துண்டுக்கு வெளியே ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டு, வெயிலில் சிவந்துபோயிருந்தது. இருபது பேரும் அவளையே பார்த்தார்கள். சாமியை விரட்டின மருமகள் என்கிற பேர் இந்த ஊரில் எவ்வளவு சீக்கிரம் வேர் பிடிக்கும், எத்தனை வருஷம் காயாமல் நிற்கும் என்று மணியத்துக்குத் தெரியும். அதற்குப் பால் வைத்தியம் கிடையாது.

அவர் சீர்த்தட்டை லாரி பானெட்மேல் வைத்தார்.

“சாமிய வெரட்டினது எம்மவ இல்ல சம்பந்தி, நான்தான். நான் ஊத்தச் சொன்னது அபிஷேகம் இல்ல, மருந்து. அந்தச் செடிய ஒங்களுக்குக் குடுத்தப்பவே கீழ் எலையில பொட்டளவு சீக்கு இருந்துச்சு. தெரிஞ்சும் கட்டவெரலால தொடச்சிட்டு, ரிப்பன் கட்டிக் குடுத்தேன். அவசரம், சோம்பேறித்தனம், என்னான்னு வேணும்னாலும் வச்சுக்குங்க. புள்ள நாக்குல அதத் தடவப் போறீங்கன்னு பயந்து பொய் சொன்னேன்.”

செடிக்காரர் வாயால் செடியில் சீக்கு என்று சொல்வது, இட்லிக் கடைக்காரர் மாவு புளித்துப்போனது என்று சொல்வதைவிட மோசம். கூட்டத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். உஷாராணி ஆரத்தித் தட்டை இன்னொரு கைக்கு மாற்றினார்.

“மவளுக்காக எத வேணும்னாலும் சொல்வீங்க. அப்பன்னா அப்படித்தான்.”

“நான் சொல்றத நம்ப வேணாம். எலை வாங்கிட்டுப் போனவங்க இங்கதானே நிக்கிறாங்க? அவங்கவங்க வீட்டுச் செடிய என்னான்னு கேளுங்க.”

ஆளாளுக்குத் தங்கள் செருப்பை ஆராய்ந்தார்கள். கடைசியில் பெரியநாயகிதான் தொண்டையைச் செருமினாள். தன் வீட்டு ரோஜாவில் இரண்டு வாரமாக விபூதி கொட்டுவதாக ஒத்துக்கொண்டாள்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றார் உஷாராணி.

“நீங்க கோச்சுக்குவீங்கன்னுதான்கா. ஒங்க வீட்டுச் சாமி எங்க வீட்டுக்கு மாறி வந்துடுச்சோன்னு.”

சாமி கட்சி மாறிவிட்டதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் திண்டாடியிருக்கிறாள். இன்னொருத்தி தன் வெள்ளரிக் கொடியிலும் அதேதான் என்றாள். மூன்றாமவள் மல்லிகையையும் சொன்னாள், அதையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாளாம். பெரியநாயகிக்கு அப்போதுதான் என்னவோ தட்டுப்பட்டது. சத்தமாகவே யோசித்தாள்.

“தீட்டுன்னா, போன வாரம்தானே எம்பேத்தி வயசுக்கு வந்து வீட்டோட இருக்கா. அப்பக்கூட நிக்கலியே, இன்னும் கூடத்தானே கொட்டுது?”

தீட்டு பட்ட வீட்டில் சாமி கூடுதலாக இறங்கினால், தீட்டால் சாமி போனது என்று எப்படிச் சொல்வது? இருபது தலைகளும் இப்போது உஷாராணி பக்கம் திரும்பின. அவர் யாரையும் பார்க்கவில்லை. போர்ச்சு மேசையில் மிச்சமிருந்த மாத்திரைப் பைகளைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் தேதி பார்த்து, பேர் பார்த்து மருந்து கொடுத்த மனுஷி அவருக்குள் மெல்ல எழுந்து வந்த மாதிரி இருந்தது.

“நாக்குல தடவ இருந்தேனே,” என்றார், தனக்குத்தானே.

கேட்டைத் திறந்தார். ஆரத்தியை மூன்று சுற்றுச் சுற்றி, வாணியின் நெற்றியில் பொட்டு வைத்து, பிள்ளையின் சிவந்த காலைத் துண்டுக்குள் தள்ளினார். வெயிலில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன வேடிக்கை என்று பவனைத் திட்டினார். கேட்டைச் சாத்தி வைத்திருந்தது என்னவோ அவன்தான் போல. மன்னிப்பு என்கிற சொல் அந்த வீட்டு மருந்துப் பட்டியலில் கிடையாது. மணியம் சீர்த்தட்டோடு படி ஏறும்போது மட்டும் உஷாராணி அவரை நிறுத்தினார்.

“இனிமே எங்க வீட்டுக்குச் செடி கொண்டாராதீங்க சம்பந்தி. பழம் வாங்கிட்டு வாங்க.”

மணியம் அன்றைக்குச் சாயங்காலமே நர்சரிக்குப் போய்ப் பெகோனியாச் சாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, வெளிச்சத்தில் இலையின் அடிப்பக்கம் பார்த்தார். பதினொன்றில் வெள்ளை இருந்தது. எதையும் கட்டைவிரலால் துடைக்கவில்லை. வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிப் போட்டார். பிறகு மூன்று வாரம் அந்தத் தெரு முழுக்கப் பால் போத்தலோடு வீடு வீடாகப் போனார். யாரும் நன்றி சொல்லவில்லை. நன்றாக இருந்த சாமியை இந்த ஆள் கெடுத்தான் என்று இரண்டு வீட்டில் முணுமுணுத்தார்கள். மல்லிகைக்காரி கதவையே திறக்கவில்லை. அவள் வீட்டு மல்லிகை செத்தது.

பேத்திக்கு மூன்று மாதம் ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மணியம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சம்பந்தி வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். பெகோனியா ஜன்னலோரம் இருந்தது. உஷாராணியின் போன் டிங் என்றது. பெரியநாயகி அனுப்பின படம். அவள் வீட்டு வாசல் செம்பாங்கா மரத்து இலை, நம்மவர்கள் நாகலிங்கம் என்றும் அரளி என்றும் ஆளுக்கொரு பேர் சொல்வார்களே, அந்த வெள்ளைப்பூ மரம். இலையின் அடிப்பக்கம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பொடி. கீழே எழுதியிருந்தாள்: அம்மன் குங்குமம்.

முன்பாயிருந்தால் அது அந்த நிமிஷமே நாற்பது பேருக்குப் போயிருக்கும். உஷாராணி போனை மணியத்தின் பக்கம் நீட்டினார்.

“இது என்னா சம்பந்தி?”

“துரு நோய். கீழ விழுந்த எலையக் கூட்டிக் கட்டிப்போட்டு, சீக்கு எலையக் கழிச்சுவிட்டா கொறஞ்சிடும். நான் போயி சொல்லிட்டு வந்திடட்டுமா?”

உஷாராணி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வேணாம். ரெண்டு நாளு கொண்டாடட்டும். அன்னிக்கு எல்லார் முன்னாலயும் என்னை எப்படி மடக்கினா.”

சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். மணியம் எட்டிப் பார்த்தார். ‘இலையை யாருக்கும் கொடுக்காதே. தொட்டால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. சாமி உன் ஒருத்திக்கு மட்டும்தான்.’

உள்ளே பிள்ளை எழுந்து சிணுங்கியது. மணியம் கையைக் கழுவ எழுந்தார். உஷாராணி அவருக்கு முன்னாலேயே குழாயடிக்குப் போய்விட்டார்.